வண்டியில் இருந்த மற்றவர்கள்

திருநெல்வேலிச் சீமையின் சபைகளில் 'கூட்டு ஊழியம்' என்ற சொல் ஒலிக்காமல் ஒரு கன்வென்ஷன் முடிவதில்லை. பிரசங்கியார் எடுத்துக்காட்டும் உதாரணங்களும் பெரும்பாலும் ஒன்றுதான்: மோசேயின் கைகள் தளர்ந்தபோது தாங்கிப் பிடித்த ஆரோனும் ஊரும், எருசலேமின் அலங்கத்தை ஆளுக்கொரு பங்காகக் கட்டி முடித்த நெகேமியாவின் ஆட்கள், பவுலோடு ஊர் ஊராக நடந்த சீலாவும் தீமோத்தேயுவும். எல்லாரும் ஆண்கள். பந்தலில் பாதிக்குமேல் அமர்ந்து கேட்பவர்களோ பெண்கள்.

வேதாகமம் இந்தப் பிரசங்கங்களைவிடப் பெண்களுக்குக் கொஞ்சம் தாராளமாகவே இடம் கொடுத்திருக்கிறது. நெகேமியாவின் மூன்றாம் அதிகாரத்தில் அலங்கம் கட்டியவர்களின் பட்டியலில் சல்லூம் என்பவனும் அவனுடைய குமாரத்திகளும் இருக்கிறார்கள். கல் சுமந்து மதில் கட்டிய பெண்கள். அந்த அதிகாரத்தை வைத்து நான் கேட்ட பிரசங்கம் எதிலும் அவர்கள் வந்ததில்லை. ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் குறிப்பிடுகிறவர்களில் பத்துப் பேர் பெண்கள். மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் ஆகிய நால்வரைப் பற்றிப் பேசும்போது அவர் பயன்படுத்தும் கிரேக்க வினைச்சொல் உடல் நோகப் பாடுபடுவதைக் குறிப்பது. யூனியா என்ற பெண்ணை அப்போஸ்தலரோடு சேர்த்துப் பேசியதாலேயே, பிற்கால மொழிபெயர்ப்பாளர் பலர் அவளை ஆணாக்கிவிட்டார்கள். ஒரு குழுவில் பெண் உழைத்தாள் என்று ஏற்பதில் யாருக்கும் சிரமமில்லை. அவள் குழுவை நடத்தினாள் என்றால்தான் எழுத்துகூட மாறிப்போகிறது.

கூட்டு ஊழியத்தைப் பற்றிப் பேசும்போது நான் மூன்று கேள்விகளைக் கேட்க விரும்புகிறேன். அந்த வேலை யாரால் நடந்தது? அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள்? கடைசியில் யாருடைய பெயர் நின்றது? இந்தக் கேள்விகளைச் சோதித்துப் பார்க்கத் தூர தேசத்துக்குப் போகவேண்டாம். நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு நம் தாமிரபரணிக் கரைச் செம்மண் பாதைகளில் போன ஒரு மாட்டுவண்டியைப் பார்த்தால் போதும்.

வாசற்படிக்கு அப்பால்

அந்த வண்டிக்கு முந்தைய கதை ஒன்று உண்டு. பாளையங்கோட்டைச் சபையின் தொடக்கமே ஒரு பெண்தான். கிளோரிந்தா என்று ஞானஸ்நானப் பெயர் பெற்ற மராட்டியப் பிராமண விதவை அவர். ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு திருமணமின்றி வாழ்ந்ததைக் காரணம் காட்டி முதலில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபின் 1778இல் கொடுத்தார். கிளோரிந்தா சிறு கூட்டமாக இருந்த கிறிஸ்தவர்களைத் திரட்டினார், 1785இல் கோட்டைக்குள் ஓர் ஆலயத்தைக் கட்டி முடித்தார், தங்களுக்கு ஓர் உபதேசியார் வேண்டும் என்று தஞ்சாவூர் வரை கேட்டார். வந்து சேர்ந்தவர் சத்தியநாதன். 1790இல் குருப்பட்டம் பெற்றவரும் அவரே. சபையைத் தொடங்கியவருக்கு அப்படியொரு பட்டம் கிடைப்பதை யாரும் கற்பனைகூடச் செய்யவில்லை. ஊர் மக்கள் மட்டும் அந்த ஆலயத்தைப் 'பாப்பாத்தியம்மா கோயில்' என்றார்கள். அவர்கள் கட்டியவளின் அடையாளத்தை வைத்தே கட்டடத்தை அறிந்தார்கள், அதிலும் சாதியே பெயராக நின்றது என்பதையும் கவனிக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் சங்கங்கள் ஒரு சுவரில் முட்டின. வெள்ளைக்கார ஐயர்மார் தெருவில் நின்று பிரசங்கிக்கலாம், பள்ளிக்கூடம் கட்டலாம். வீட்டின் வாசற்படியைத் தாண்ட முடியாது. உயர்த்தப்பட்ட சாதி வீடுகளின் உள்ளறைகளில் இருந்த பெண்களிடம் பேசப் பெண்கள்தான் வேண்டும். அதற்கென்றே பெண்களை அனுப்பும் சங்கங்கள் தோன்றின. இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெனானா மிஷன் சங்கம் 1880இல் உருவானது அப்படித்தான். மிஷனரிகளின் மனைவிமார் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திக்கொண்டும் தையல், லேஸ் பின்னல் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருந்தார்கள். நாகர்கோவிலில் 1820களில் தொடங்கிய லேஸ் வேலை அந்த வழியில் வந்தது. அவர்களுடைய பெயர் சங்கத்தின் சம்பளப் பட்டியலில் இல்லை. கணவரின் பெயருக்குள் அவர்களும் அடக்கம்.

ஐரோப்பியப் பெண்கள் வந்துவிட்டால் மட்டும் கதவு திறந்துவிடுமா? அவர்களுக்கு மொழி தெரியாது. எந்த வீட்டில் எந்தத் திண்ணைவரை போகலாம், யார் வீட்டுத் தண்ணீரை யார் தொடலாம், மாமியார் இருக்கும்போது மருமகளிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்பது எதுவும் தெரியாது. இதெல்லாம் தெரிந்தவர்கள் உள்ளூர்ப் பெண்கள். சபைகளில் 'பைபிள் உமன்' என்று அறியப்பட்டவர்கள். பெரும்பாலும் விதவைகள், கைவிடப்பட்டவர்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். குறைந்த கூலிக்கு மைல் கணக்கில் நடந்தவர்கள். மிஷன் ஆண்டறிக்கைகளில் இவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாக வருகிறார்கள்: இத்தனை பைபிள் உமன்கள், இத்தனை வீடுகள்.

நட்சத்திரக் கூட்டம்

அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டின் கடைசியில், சர்ச் மிஷனரி சங்கத்தின் தாமஸ் வாக்கர் ஐயரும் அவர் மனைவியும் ஊழியம் செய்துகொண்டிருந்த திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தார். பண்ணைவிளையை இருப்பிடமாகக் கொண்டு, தமிழ்க் கிறிஸ்தவப் பெண்கள் சிலரோடு ஒரு பயணக் குழு அமைந்தது. மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய், கூடாரமிட்டுத் தங்கி, வீடு வீடாகப் பேசினார்கள். ஊர்க்காரர்கள் அந்தக் குழுவுக்கு வைத்த பெயர் 'நட்சத்திரக் கூட்டம்'.

அந்தக் காலத்தில் பெண்கள் தனியாகப் பயணம் போவது என்பதே ஒரு செய்தி. இவர்கள் ஒரு குழுவாக, ஆண் துணையின் பொறுப்பில் இல்லாமல், இரவுகளில் வெளியூரில் தங்கினார்கள். இதைக் கண்டு இந்துக்கள் மட்டும் முகம் சுளிக்கவில்லை. கிறிஸ்தவக் குடும்பங்களும் சுளித்தன. மூன்று நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருந்த குடும்பங்களில் சாதி விட்டுப்போகவில்லை, 'குடும்பப் பெண் படி தாண்ட மாட்டாள்' என்ற எண்ணமும் விட்டுப்போகவில்லை.

குழுவின் நடுநாயகம் பொன்னம்மாள். இளம் வயதிலேயே கணவனை இழந்து, மாமனார் வீட்டில் கட்டுப்பாடுகளுக்குள் வாழ்ந்தவர். ஒரு பெண் குழந்தைக்குத் தாய். அந்த வீட்டிலிருந்து இந்த வண்டிக்கு அவர் வந்த தூரத்தை எந்த மைல்கல்லாலும் அளக்க முடியாது. விதவையின் நாட்கள் அடுக்களைக்கும் ஆலயத்துக்கும் இடையில் முடிந்துபோகும் காலத்தில் அவர் பேசினார், பாடினார், வாதம் செய்தார், இளம்பெண்களைப் பயிற்றினார், ஏமிக்குத் தெரியாத எதையும் எடுத்துச் சொன்னார்.

ஞாயிறு பள்ளிகளில் ஏமியைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். நீலக் கண் வேண்டும் என்று சிறுமியாக இருந்தபோது ஜெபித்தாராம், கிடைக்கவில்லை. பின்னாளில் சேலை உடுத்தி, தோலுக்குச் சாயம் பூசி, தமிழ்ப் பெண்ணைப் போல உள்ளே போக அந்தப் பழுப்புக் கண்களே உதவினவாம். நானும் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள்தான். கதை அழகானது. ஆனால் ஒரு தமிழ் வீட்டுக் கதவு கண்ணின் நிறத்தைப் பார்த்துத் திறப்பதில்லை. உள்ளே போனபின் உட்கார வைத்து, பேச வைத்து, மறுபடியும் வரச் சொல்ல வைத்தது பொன்னம்மாளின் நாக்கு. கதையில் சாயத்துக்கு இருக்கும் இடம் அந்த நாக்குக்கு இல்லை.

கழற்றிய நகை

விலை பற்றிய என் இரண்டாவது கேள்விக்கு நகை விஷயமே நல்ல உதாரணம். குழுவிலிருந்த பெண்ணின் நகையைப் பார்த்துத் தானும் பெரியவளானால் இந்தக் குழுவில் சேர்ந்து நகை போடுவேன் என்று ஒரு சிறுமி சொன்ன பேச்சு பொன்னம்மாளை உறுத்தியது. அவர் நகைகளைக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். பக்தி நூல்கள் இதை அர்ப்பணிப்பின் அடையாளமாகச் சொல்லி நகர்ந்துவிடுகின்றன.

கொஞ்சம் நின்று பார்ப்போம். நிலம் ஆண்களின் பெயரில், வீடு ஆண்களின் பெயரில், வயலில் விளைந்ததும் ஆண்களின் கையில். ஒரு பெண்ணுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது காதிலும் கழுத்திலும் இருந்த பொன் மட்டுமே. நோய் வந்தால், பஞ்சம் வந்தால், புகுந்த வீடு துரத்தினால் அதுதான் கை கொடுக்கும். அதோடு, நகை குடும்பத்தின் சாதி மானமாகவும் இருந்தது. கழற்றுவது உறவுக்காரர்களின் முகத்தில் அறைவது போல. மூளிக் காதோடு ஊர்வலம் வருகிறவள் என்ற ஏச்சு ஏமிக்கு வராது. எளிய வாழ்வை ஏற்ற ஐரோப்பியப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு சங்கமும் ஜெப நண்பர்களும் கடல் கடந்து வரும் காணிக்கையும் இருந்தன. பொன்னம்மாளுக்குப் பின்னால் இருந்தது கோபம் கொண்ட ஒரு குடும்பம். ஒரே தியாகத்தைச் சேர்ந்து செய்ததாகச் சொல்லப்பட்டாலும் ஒவ்வொருவரும் கொடுத்த விலை வேறு.

இதைச் சொல்வதால் அந்தப் பெண்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்று நான் சொல்வதாக எண்ணவேண்டாம். நகை பூட்டிய உடல் குடும்பத்தின் காட்சிப் பொருள். கழற்றியபோது அவர்களுக்குச் சாலை கிடைத்தது. கொள்ளைப் பயம் இல்லாமல் இரவில் பயணம் போகும் சுதந்திரமும் கிடைத்தது. தங்கள் உடலின்மேல் என்ன இருக்கவேண்டும் என்று தாங்களே தீர்மானித்தார்கள். பாதுகாப்பை இழந்ததும் விடுதலை பெற்றதும் ஒரே செயலில் நடந்தன. அவர்கள் இரண்டையும் அறிந்தே செய்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

தொட்டில்கள்

1901 மார்ச் மாதத்தில் பெருங்குளம் கோயில் வீட்டிலிருந்து தப்பிய ஒரு சிறுமி ஏமியிடம் வந்து சேர்ந்தாள். கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த குழந்தை. அந்த ஆண்டே குழு டோனாவூருக்குப் போனது. ரேனியஸ் ஐயரின் காலத்தில் தோனா என்ற ஜெர்மானியப் பிரபு கொடுத்த பணத்தால் அமைந்து அவர் பெயரைப் பெற்ற கிராமம் அது. ஒன்றிரண்டாகக் குழந்தைகள் வரத் தொடங்கினார்கள். 1904இலிருந்து கைக்குழந்தைகளும் வந்தார்கள்.

குழுவின் வேலை தலைகீழாக மாறியது. ஊர் சுற்றிப் பிரசங்கித்தவர்கள் பால் காய்ச்சவும் துணி அலசவும் இரவெல்லாம் கண்விழிக்கவும் வேண்டியிருந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கால்கட்டு என்பது நம் ஊர்ப் பேச்சு. பயணத்துக்காகக் குடும்பத்தை விட்டு வந்த பெண்களுக்கு அந்தக் கால்கட்டு மறுபடியும் வந்தது. படித்த பெண்கள் இதை ஆயா வேலையாகவே பார்த்தார்கள். மேடையில் பேசுவது ஊழியம், மலம் அள்ளுவது வேலைக்காரியின் பாடு என்ற பிரிவினை சாதியோடு பிணைந்தது.

அந்தப் பிரிவினையைச் சொல்லால் உடைக்க முடியவில்லை. கையால்தான் உடைக்க முடிந்தது. முதலில் கை வைத்தவர் பொன்னம்மாள். டோனாவூரில் மருத்துவர் இல்லை. நோயில் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தார்கள். தெற்குத் திருவிதாங்கூரில் நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனை இருந்தது. அதன் அருகில் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றைத் தொடங்கிப் பொன்னம்மாளிடம் ஒப்படைத்தார்கள். வேறு நாடு, வேறு சூழல். நம்பிக் கொடுக்க வேறு ஆள் இல்லை. எந்தக் குழந்தைக்கு எந்தப் பால் ஒத்துக்கொள்ளும், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை, பாத்திரத்தை எப்படிக் கொதிக்க வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்று, உடனிருந்த பெண்களுக்குக் கற்பித்து, அந்த இல்லத்தை அவர் நடத்தினார். பல ஆண்டுகள் கழித்து டோனாவூரில் குழந்தைகள் பிழைத்து வளர்ந்ததற்கு அடித்தளம் அங்கே விழுந்தது.

இதை நிர்வாகம் என்று சொல்லவேண்டும். தாய்மை என்று மட்டும் சொல்லிவிட்டால் அதற்குத் தேவைப்பட்ட அறிவு மறைந்துபோகும். ஓர் ஆண் இதே வேலையை வேறு மாவட்டத்தில் தனியாகச் செய்திருந்தால் கிளை நிறுவனத்தின் தலைவர் என்று எழுதியிருப்பார்கள்.

அந்தக் குழந்தைகள் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் பேசாமல் விட முடியாது. கோயிலைச் சார்ந்து வாழ்ந்த பெண்களின் உலகத்தை மிஷன் எழுத்துகள் இருட்டாக மட்டுமே காட்டின. அந்தப் பெண்கள் கலைஞர்களாகவும் சொத்துரிமை உள்ளவர்களாகவும் இருந்ததைப் பெண்ணிய வரலாறு பின்னாளில் எடுத்துச் சொன்னது. அதே உலகத்திலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும், தேவதாசி மரபுத் தாயின் மகளான முத்துலட்சுமி ரெட்டியும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடினார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் சட்டத்தை எதிர்த்தார். 1947இல் சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்தது. இவர்களில் யாருடைய குரலையும் தவிர்த்துவிட்டு அந்த வரலாற்றை எழுத முடியாது. டோனாவூரின் கதையிலோ அந்தத் தாய்மார்களின் குரல் ஏறக்குறைய இல்லை. குழுவில் இடம் இல்லாதவர்களுக்குக் கதையிலும் இடம் இல்லை.

நண்பர்களைக் கேட்டவர்

இந்த இடத்தில் திருநெல்வேலியின் இன்னொரு பிள்ளையை நினைக்கவேண்டும். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே.ச. அசரியா. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவாகக் காரணமானவர்களில் முதன்மையானவர். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷன் மாநாட்டில் அவர் நின்று பேசியது இன்றும் நினைவுகூரப்படுகிறது. வெள்ளைக்கார மிஷனரிகள் பணத்தையும் உழைப்பையும் ஏன் உயிரையும்கூட ஈந்ததற்கு நன்றி சொன்ன அவர், தங்களுக்கு வேண்டியது நட்பு என்றார். தலைவன், பணியாள் என்ற உறவை வைத்துக்கொண்டு அதை ஐக்கியம் என்று அழைக்காதீர்கள் என்பதே அதன் சாரம். கேட்டவர்களில் பலருக்குக் கோபம் வந்தது.

ஓர் இந்திய ஆண் அதைக் கேட்க ஒரு மேடையும் ஒரு மொழியும் இருந்தன. அதே ஆண்டில், அதே மாவட்டத்தில், பொன்னம்மாளுக்கு அப்படி ஒரு மேடை இருந்ததா? அவரை நாம் அறிவது ஏமி எழுதிய நூல் வழியாகத்தான். புற்றுநோயோடு நீண்ட காலம் போராடி 1915இல் பொன்னம்மாள் இறந்தார். 1918இல் அவர் வரலாற்றை ஏமி ஆங்கிலத்தில் வெளியிட்டார். தன் உடன் ஊழியருக்கென்று ஒரு முழு நூலை எழுதிய மிஷனரி அபூர்வம். அதில் அன்பும் மரியாதையும் உண்மையானவை. ஆனாலும், தமிழ் பேசி வாழ்ந்த ஒரு பெண்ணின் வாழ்க்கை முதலில் ஆங்கில வாசகருக்காக எழுதப்பட்டது. அந்த நூல்களில் பெண்களின் தமிழ்ப் பெயர்கள் பல சமயம் பொருள் பெயர்க்கப்பட்டு வந்தன: பொன்னம்மாள் 'பொன்' என்ற ஆங்கிலச் சொல்லாக ஆனார். பெயரே மொழிபெயர்க்கப்படும்போது அந்தப் பெயரைக் கூப்பிட்டவர்களின் ஊர் காணாமல் போகிறது.

1916இல் திருமணம் வேண்டாம் என்று முடிவெடுத்த பெண்கள் சிலரைக் கொண்டு 'பொதுவாழ்வுச் சகோதரிகள்' என்ற குழு டோனாவூரில் அமைந்தது. தமிழ்ப் பெண்ணுக்குக் கல்யாணம் இல்லாத வாழ்க்கை ஒன்று மதிப்போடு இருக்கலாம் என்பதே அன்று புதிது. டோனாவூரில் ஒருவரையொருவர் அம்மா, சித்தி, அக்காள், அண்ணாச்சி என்று அழைத்தார்கள். உறவு சொல்லி அழைப்பதில் கதகதப்பு இருக்கிறது. அதில் படிநிலையும் இருக்கிறது. அம்மா ஒருவர்தான். அக்காள் எத்தனை மூத்தாலும் அம்மா ஆகிவிடுவதில்லை. சம்பளம் எவ்வளவு, தீர்மானிப்பது யார், மறுத்துப் பேசலாமா என்ற கேள்விகளை அலுவலகத்தில் கேட்கலாம். அம்மாவிடம் கேட்க முடியுமா? ஏமிக்கு அடுத்துப் பொறுப்பேற்பார் என்று எதிர்பார்க்கப்பட்ட அருளாயி 1939இல், ஏமிக்கு முன்பே இறந்துபோனார். 1951இல் ஏமி இறந்தபோது, அவர் விருப்பப்படி கல்லறைக் கல் வைக்கவில்லை. பறவைகள் நீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள். தன் பெயரைப் பெரிதாக்க வேண்டாம் என்று நினைத்தவர்தான் அவர். வரலாறு அவருடைய விருப்பத்தைக் கேட்கவில்லை. நிறுவனங்களுக்கும் நூல் விற்பவர்களுக்கும் ஒற்றைப் பெயர் வசதியானது.

ஒப்பிட வேலூரைப் பார்க்கலாம். அங்கேயும் ஓர் அமெரிக்கப் பெண்தான் மையம்: ஐடா ஸ்கடர். ஆனால் 1918இல் அவர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1922இல் முதல் அணியில் 14 பெண்கள் தேறினார்கள். சில பத்தாண்டுகளில் இந்தியப் பெண்ணான டாக்டர் ஹில்டா லாசரஸ் அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பாசம் எங்கே அதிகம் என்பதல்ல இந்த ஒப்பீடு. ஒரு குழு உண்மையில் குழுதானா என்று அறிய ஒரு சோதனை உண்டு: இன்று உதவியாளராக இருப்பவள் நாளை தலைவியாக முடியுமா? அதற்கான படிப்பும் பட்டமும் வழியும் அங்கே இருக்கிறதா? இல்லையென்றால் அது அன்பான முதலாளியும் அன்பான வேலைக்காரர்களும்தான்.

ஒரு நோட்டுப் புத்தகம்

என் ஆச்சியின் அக்காள், நாங்கள் பெரியாச்சி என்று அழைத்தவர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் பைபிள் உமனாக இருந்தவர். ஊரில் 'ஊழியக்காரம்மா'. அவர் விட்டுப்போன பொருட்களில் ஒரு குடை, ஒரு துணிப்பை, நீள வாக்கில் மடித்த ஒரு நோட்டுப் புத்தகம். மாதாமாதம் சேகரத்துக்குக் கொடுக்கவேண்டிய அறிக்கைக்காக அவர் எழுதிவைத்த கணக்கு அது. சந்தித்த வீடுகள், பேசிய பெண்கள், ஜெபித்த நோயாளிகள். எல்லாம் எண்கள். ஓரங்களில் மட்டும், அறிக்கையில் சேராத பென்சில் குறிப்புகள். ஒரு வீட்டில் மருமகளை அடிக்கிறார்கள், மறுபடி போகவேண்டும். இன்னொரு வீட்டில் பேறுகாலம் நெருங்குகிறது, நல்லெண்ணெய் கொண்டுபோகவேண்டும். ஒரு பிள்ளைக்கு எழுத்து பாதி வந்துவிட்டது.

எண்கள் சேகரத்துக்குப் போயின. ஓரக் குறிப்புகள் நோட்டிலேயே தங்கின. ஊழியம் நடந்தது ஓரத்தில். சேகர அறிக்கையில் அந்த எண்கள் குருவானவரின் பெயரின் கீழ் அச்சானதையும் நான் பார்த்திருக்கிறேன். பெரியாச்சிக்குக் கடைசிக் காலத்தில் ஓய்வூதியம் என்று ஒன்றும் வரவில்லை. என் தாத்தா வீட்டுத் திண்ணை அறைதான் வந்தது.

இது பழைய கதை என்று ஒதுக்க வழியில்லை. தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது. பெண்ணுக்குக் குருப்பட்டம் கிடைக்க 1976 ஆனது. முதல் பெண் பேராயராகப் புஷ்பலலிதா அம்மையார் நந்தியாலில் பொறுப்பேற்க 2013 ஆனது. இதற்கிடையில் நம் சேகரங்கள் ஓடிக்கொண்டிருப்பது யாரால்? குருவானவரைச் சேகரத்துக்கு நியமிக்கும்போது ஐயரம்மாவும் நியமனமாகிவிடுகிறார், உத்தரவு இல்லாமல், சம்பளம் இல்லாமல். பெண்கள் ஐக்கிய சங்கம் அவர் பொறுப்பு. ஞாயிறு பள்ளி அவர் பொறுப்பு. நள்ளிரவில் அழுதுகொண்டு கதவைத் தட்டும் பெண்ணுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துக் கேட்பதும் அவர் பொறுப்பு. பெண்கள் சோறாக்கும்முன் கைப்பிடி அரிசி எடுத்துவைத்துச் சேர்த்த பிடியரிசிக் காணிக்கையில் எழும்பிய கட்டடங்களின் கல்வெட்டில் கமிட்டி அங்கத்தினர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. இதையெல்லாம் கூட்டு ஊழியம் என்று மேடையில் புகழ்ந்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. 'நாம் எல்லாரும் ஒரு குடும்பம்' என்ற வாக்கியம் அதிகாரம் உள்ளவரின் வாயிலிருந்து வரும்போது, பெரும்பாலும் இனி யாரும் கூலி கேட்கக்கூடாது என்றே பொருள்.

கூட்டு ஊழியம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். அந்த மாட்டுவண்டிப் பெண்கள் தனித்தனியாக இருந்திருந்தால் ஒருத்திகூட வீட்டுப் படியைத் தாண்டியிருக்க மாட்டாள். ஒருத்தியின் துணிச்சல் அடுத்தவளுக்குத் துணையானது. ஒரு குழந்தையைக் காப்பாற்ற பல கைகள் வேண்டும் என்பதை நெய்யூரின் இரவுகளில் அவர்கள் கண்டார்கள். சேர்ந்து உழைப்பதன் ஆற்றலை அறிந்தவர்கள் என்பதாலேயே பெண்கள் அதன் விதிகளைப் பற்றியும் பேசவேண்டும். வேலையைப் பங்கிடும் குழு, தீர்மானத்தைப் பங்கிடவேண்டும். தீர்மானத்தைப் பங்கிடும் குழு, பெயரையும் பணத்தையும் பங்கிடவேண்டும்.

சபைகள் இதைத் தொடங்கப் பெரிய மாநாடு எதுவும் தேவையில்லை. அடுத்த சபை நூற்றாண்டு மலர் அச்சுக்குப் போகும்முன், குருமார்களின் படவரிசைக்கு அடுத்த பக்கத்தில் அந்தச் சபையில் வேலை செய்த பைபிள் உமன்களின் பெயர்களைத் தேடி அச்சிடலாம். ஐயரம்மா செய்யும் வேலைக்கு ஒரு பெயரும் ஓர் ஊதியமும் நிர்ணயிக்கலாம். வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் அவருக்குக் கொடுக்கலாம். ஊழியக்காரிகளுக்கு ஓய்வூதியம் கொடுக்கலாம். அலங்கம் கட்டியவர்களைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது சல்லூமின் குமாரத்திகளைத் தாண்டிப் போகாமல் நிற்கலாம். அவர்களின் பெயரை அந்தப் பழைய பட்டியல் எழுதிவைக்கவில்லை. நம் பட்டியல்கள் இன்னும் நம் கையில்தான் இருக்கின்றன.